அந்த அரை லிட்டர் பாலை மறுபடியும் வாங்குங்கள்

வாசகியின் கடிதம்:

“சேலம் அம்மாபேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார், வாரக்கூலி. நான் வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் 24,000 ரூபாய்க்குப் பக்கமாக வரும். வாடகை 6,000. மாமியார், ஏழு வயதுப் பெண், நான்கு வயதுப் பையன் என்று மொத்தம் ஐந்து பேர். நான்கு மாதமாகச் சிக்கனத்தில் இறங்கியிருக்கிறேன். ஒரு லிட்டர் பாலை அரை லிட்டர் ஆக்கினேன். மாலைக் காபியை விட்டுவிட்டேன். பழமும் பூவும் வாங்குவதில்லை. மின்சாரம் மிச்சமாகும் என்று மாமியார் சொன்னதால் கிரைண்டரை மூடிவைத்துவிட்டு ஆட்டுக்கல்லில் மாவாட்டுகிறேன், தோள்பட்டை வலிக்கிறது. தையல் மிஷின் மோட்டார் ஓடுவதையும் அவர் குறை சொல்கிறார். போன முறை 530 யூனிட் வந்தது. சிலிண்டர் 28 நாள்தான் வருகிறது. மாமனார் வைத்தியத்துக்காகத் தெரிந்தவர் ஒருவரிடம் ஐந்து வட்டிக்கு வாங்கிய 20,000 ரூபாய்க்கு மாதம் 1,000 ரூபாய் வட்டி போகிறது, அது ஒரு பக்கம் இருக்கட்டும். பீரோவில் ஒரு சவரன் சங்கிலி இருக்கிறது. அம்மா போட்டது, தொட மனம் வரவில்லை. இவ்வளவு செய்தும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. எங்கே தவறு செய்கிறேன்? பெண் பெயரில் சேமிப்பு ஒன்று தொடங்க ஆசை. எவ்வளவு இருந்தால் தொடங்கலாம்? வீட்டில் உள்ள சாமான்களையும் மற்ற அன்றாட விவரங்களையும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது நீங்கள் நிறுத்தியவை மட்டுமே கண்ணில் பட்டன. பால், காபி, பழம், பூ. எல்லாமே வாய்க்கோ மனத்துக்கோ போய்ச் சேர்கிறவை. அவற்றிலும் பெரும்பங்கு உங்களுடையது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்களே, அதை அப்படியே செய்திருக்கிறீர்கள். இரண்டாம் முறை படித்தபோது, “அது ஒரு பக்கம் இருக்கட்டும்” என்று நீங்கள் தள்ளிவைத்த வரியைத் தாண்டிப் போக எனக்கு முடியவில்லை. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அந்த வரியில்தான் இருக்கிறது.

மனையியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது குடும்பங்களுக்கு வரவு செலவில் ஆலோசனை சொல்லிவருகிறேன். எந்த வீட்டுக் கணக்கை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: அந்த வீட்டில் ஒருவருக்கும் ஒரு சுகமும் தராமல் வெளியே போகிற காசு எது? அதைப் பிடித்த பிறகும் போதவில்லை என்றால்தான் சாப்பாட்டுத் தட்டின் பக்கம் திரும்ப வேண்டும். நீங்கள் தட்டிலிருந்தே தொடங்கிவிட்டீர்கள். சிக்கனம் என்றால் பெண் தன் பங்கைக் குறைத்துக்கொள்வது என்று நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. அதை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை.

அரை லிட்டர் பால் 20 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். முப்பது நாளைக்கு 600 ரூபாய். குழந்தைகள் இரண்டும், வயதான மாமியாரும், நீங்களும் சேர்ந்து விட்டுக்கொடுத்தது இந்த 600. வட்டிக்குப் போவது 1,000. ஐந்து வட்டி என்று சொல்லும்போது சிறிதாகத்தான் காதில் விழுகிறது. நூற்றுக்கு மாதம் ஐந்து என்றால் ஆண்டுக்கு அறுபது. 20,000 ரூபாய்க்கு ஒரு வருடத்தில் 12,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. நீங்கள் நிறுத்திய பாலும் பழமும் பூவும் கடன் கொடுத்தவர் வீட்டுக்கு நடந்து போயிருக்கின்றன.

இப்போது பீரோவில் இருக்கும் சங்கிலிக்கு வருகிறேன். அம்மா போட்ட நகை என்றால் மனம் வராது, எனக்குப் புரிகிறது. விற்கச் சொல்லவில்லை. வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ அடகு வையுங்கள். தனியார் அடகுக் கடைக்குப் போவதற்கு முன் இந்த இரண்டிலும் வட்டி கேட்டுவிடுங்கள். ஒரு சவரன், அதாவது 8 கிராம், இன்றைய விலைக்கு 20,000 ரூபாய் கடனைத் தாராளமாகத் தாங்கும். ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதம் 167 ரூபாய் ஆகிறது. அந்தப் பணத்தை வாங்கி நேராகக் கொண்டுபோய் ஐந்து வட்டிக் கடனை அடையுங்கள். அதற்குப் பிறகும் மாதம் 1,000 ரூபாய் எடுத்துவைப்பதை விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே பழகிய செலவுதானே. அதை நகைக்கடனில் கட்டிவந்தால் 22 மாதங்களில் வட்டியும் அசலும் சேர்ந்து தீர்ந்துவிடும், சங்கிலி வீட்டுக்கு வந்துவிடும். இடையிடையே அசலில் சிறுகச் சிறுகக் கட்ட அனுமதி உண்டா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கடனைப் புதுப்பிக்க வேண்டும் என்று அடகு வைக்கும் அன்றைக்கே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும் தேதியைத் தவறவிட்டதால் நகை ஏலம் வரைக்கும் போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, மிகவும் முக்கியம். ஐந்து வட்டிக்குக் கொடுத்தவரிடம் கையெழுத்துப் போட்ட புரோநோட்டோ, தொகை எழுதாத காசோலையோ கொடுத்திருந்தால், பணத்தைக் கொடுக்கும் அதே நிமிடத்தில் அதைக் கையில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கணவரோடு இன்னொரு பெரியவரும் உடன் போகட்டும். “அப்புறம் தேடித் தருகிறேன்” என்றால் பணமும் அப்புறமாகவே போகட்டும். அவர் மிரட்டினால் பயப்பட வேண்டாம். அதிக வட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

இந்த ஒரு காரியத்தை முடித்த பிறகு மற்றதைப் படியுங்கள். மற்றவையெல்லாம் இதற்கு அடுத்தவைதான்.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் மாமியார் சொல்வது பாதி சரி. மின்சாரத்தில் காசு போகிறது. போகிற இடம் மட்டும் வேறு. கிரைண்டர் சுமார் 150 வாட் எடுக்கும். நாற்பது நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. வாரம் இரண்டு தடவை மாவாட்டினாலும் இரண்டு மாதத்தில் இரண்டு யூனிட்டை எட்டாது. 15 ரூபாய்கூட வராது. இதற்காகவா தோளைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்? அந்தத் தோள்தான் தையலுக்கும் வேண்டும். இன்றைக்கே கிரைண்டரை எடுத்து வெளியே வையுங்கள். தையல் மோட்டாரும் அப்படித்தான். அது 100 வாட் என்று வைத்துக்கொண்டாலும், நான்கு மணி நேரம் விடாமல் ஓட்டினால் அரை யூனிட்கூட ஆகாது. அந்த நான்கு மணி நேரத்தில் எத்தனை ரவிக்கை தைப்பீர்கள், கூலி எவ்வளவு என்பதை மாமியாரிடம் சொல்லுங்கள். வாதம் செய்வதுபோல வேண்டாம். கணக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்கள். அவர் காலத்தில் மோட்டார் என்றாலே பெரிய செலவு. அவர் கவலைப்படுவதும் உங்கள் வீட்டுக்காகத்தான்.

நீங்கள் இணைத்த தாளில் என் கண் நின்ற இடம் வெந்நீர்க் கம்பி. 1,500 வாட் என்று எழுதியிருக்கிறீர்கள். அது இருபது நிமிடம் ஓடினால் அரை யூனிட், ஒரு வாளி வெந்நீர். தினமும் மூன்று வாளி போடுவதாகச் சொல்கிறீர்கள். இரண்டு மாதத்தில் 90 யூனிட். கிரைண்டரை நாற்பது தடவைக்கு மேல் ஓட்டலாம், உங்கள் வெந்நீர்க் கம்பியின் மூன்றே நாள் செலவில்! சேலத்து வெயிலை வைத்துக்கொண்டு இது தேவையா? மாசி பிறந்தால் ஐப்பசி வரைக்கும் மொட்டைமாடியில் மூடி போட்ட குடத்தில் காலையில் வைக்கும் தண்ணீர் நான்கு மணிக்கு இதமாகச் சுட்டிருக்கும். சித்திரையில் கையே வைக்க முடியாது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டுங்கள். மாமியாருக்குக் காலையில் வெந்நீர் வேண்டுமென்றால் அவருக்கு மட்டும் ஒரு வாளி போடுங்கள். வயதானவருக்கு அதில் கை வைக்க வேண்டாம். இரண்டு வாளி நின்றாலே 60 யூனிட் குறைந்துவிடும்.

இந்த 60 யூனிட்டின் அருமை உங்கள் பில்லில் எப்படித் தெரியும் என்று பாருங்கள். நம் வீட்டு மின்கட்டணத்தில் 500 யூனிட் என்பது ஒரு வாய்க்கால் வரப்பு மாதிரி. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு யூனிட் 2.35 ரூபாய், 400 வரைக்கும் 4.70, 500 வரைக்கும் 6.30. வரப்பைத் தாண்டி 501 ஆகிவிட்டால் அந்த 2.35 ரூபாய்ச் சலுகை போய்விடும். 101வது யூனிட்டிலிருந்தே 4.70 போட்டுக் கணக்கிடுவார்கள், 500க்கு மேல் போன யூனிட்டுக்கு 8.40. ஆக 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடினால் 2,048 ரூபாய். உங்கள் 530க்கு 2,292 ரூபாய் வந்திருக்கும். 470 யூனிட்டில் நின்றால் 1,616. அறுபது யூனிட் குறைந்ததற்கு 676 ரூபாய் குறைகிறது. நீங்கள் ஒரு மாதம் பாலில் மிச்சம் பிடித்ததைவிட அதிகம், அதுவும் ஒருவர் வயிற்றையும் தொடாமல்.

உங்களுக்குத் தனி மீட்டர் இருப்பதால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கெடுக்க வந்துபோன அன்றைக்கு மீட்டரில் உள்ள எண்ணை, தேதியோடு, பக்கத்துச் சுவரில் சாக்கட்டியால் எழுதிவையுங்கள். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் 250ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் கையைப் பிடிக்க வேண்டும் என்று பொருள். கணக்கு வந்த பிறகு வருத்தப்படுவதால் ஒரு பைசா திரும்பாது. பாதி வழியில் தெரிந்தால் திருத்திக்கொள்ள முப்பது நாள் இருக்கிறது.

செட்டாப் பாக்ஸைச் சுவர் சுவிட்சில் அணையுங்கள். ரிமோட்டில் அணைத்தாலும் அது மின்சாரம் குடித்துக்கொண்டேதான் இருக்கும். ஃபிரிட்ஜின் கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, குளிர் கசிகிறது. ரப்பரை மட்டும் மாற்றினால் போதும். மின்விசிறி பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தைக்கும் அறையில் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓடுவது பழைய 75 வாட் விசிறி. இப்போது வரும் 30 வாட் விசிறியை அங்கே மாட்டினால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட், 270 ரூபாய் மிச்சம். விசிறியின் விலை 2,700 என்றால் பத்துப் பில்லில் போட்ட காசு வந்துவிடும். ஆனால் இப்போது வாங்க வேண்டாம். சங்கிலி வீட்டுக்கு வரட்டும், பிறகு பார்க்கலாம். மற்ற அறைகளில் எப்போதாவது ஓடும் விசிறிகளை மாற்றவே வேண்டாம்; போட்ட காசு வர வருடக்கணக்காகும். கைபேசி சார்ஜரைப் பற்றிப் பேசிப் பொழுதைக் கழிக்காதீர்கள்.

அடுத்தது சிலிண்டர். ஐந்து பேருக்கு 28 நாள் என்பது குறைவுதான். நான் சந்தேகப்படுவது உங்கள் அடுப்பை அல்ல, தண்ணீரை. பருப்பை எந்தத் தண்ணீரில் வேகவைக்கிறீர்கள்? வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீர்தான் எப்போதும் வரும், மேட்டூர்த் தண்ணீர் விடும் நாளில் குடிப்பதற்கு மட்டும் பிடித்துவைப்போம் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் பல வீடுகளில் இதே வழக்கம். குடிக்கக் காவிரி, சமைக்க உப்புத் தண்ணீர். அங்கேதான் எரிவாயு வீணாகிறது.

மாக்னசைட் வெட்டியெடுக்கும் பூமி நம்முடையது. பாறையில் ஊறி வரும் ஆழ்குழாய் நீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. உங்கள் வெந்நீர்க் கம்பியின்மேலும், குழாய் வாயிலும் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதுதான். பருப்பின் உள்ளே அதன் உயிரணுக்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசைப்பொருள் ஒன்று உண்டு. அது கரைந்தால்தான் பருப்பு மலரும். கால்சியம் வந்து அதோடு சேர்ந்தால் பசை இறுகிவிடுகிறது. நீங்கள் நான்கு விசில் விட்டும் பருப்பு நறுக்கென்று நிற்கும். புளியும் தக்காளியும் முன்கூட்டியே சேர்ந்தால் இதே கதைதான், அந்தப் புளிப்பு பருப்பை வேகவிடாது.

ஒருநாள் சோதித்துப் பாருங்கள். ஒரே பருப்பை இரண்டு கிண்ணத்தில் எடுத்து, ஒன்றில் மேட்டூர்த் தண்ணீரும் மற்றதில் ஆழ்குழாய்த் தண்ணீரும் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். இரண்டையும் ஒரே குக்கரில் அடுக்கி வேகவையுங்கள். திறந்து கரண்டியின் பின்புறத்தால் அழுத்திப் பாருங்கள். ஒன்று வெண்ணெய்போல நசுங்கும். மற்றதில் நடுவே வெள்ளையாக ஒரு பொட்டு நிற்கும். நான் பாடம் நடத்திய காலத்தில் மாணவிகளுக்கு இதைத்தான் முதல் செய்முறையாக வைப்பேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் காட்டிவிட்டு வந்தோம் என்று அவர்கள் சொன்னபோதெல்லாம் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஐந்து பேருக்குப் பருப்பு வேக ஒன்றரை லிட்டர் காவிரித் தண்ணீர் போதும். குடிக்கப் பிடிப்பதோடு இன்னொரு குடம் கூடுதலாகப் பிடித்துவையுங்கள்.

ஊறவைப்பதையும் விடாதீர்கள்: துவரைக்கு ஒரு மணி நேரம், கொண்டைக்கடலைக்கும் மொச்சைக்கும் இரவு முழுக்க. முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்குங்கள். கொதிக்கத் தொடங்கிய தண்ணீர், தீயை எவ்வளவு தூக்கினாலும் அதற்குமேல் சூடேறாது; கூடுதல் எரிவாயு வெறும் ஆவியாகத்தான் போகும். ஏற்காட்டில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் ஆகும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. விறகை அள்ளி வைத்தாலும் அந்தச் சூடு ஏறாது. குக்கருக்குள் ஆவி அடைபட்டு அழுத்தம் ஏறுவதால் 120 டிகிரி வரைக்கும் போகிறது. ஆகவே குக்கரின் வேலை அழுத்தத்தைக் காப்பது; அதற்குச் சிறு தீயே போதும். தீ நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளைகளை ஊசியால் குத்தி விடுங்கள். சோறு, பருப்பு, காய் மூன்றையும் ஒரே குக்கரில் அடுக்குங்கள். 28 நாள் 35 நாளானால் வருடத்துக்கு இரண்டரை சிலிண்டர் குறையும். சிலிண்டர் வரும்போது எடை போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், உள்ளே 14.2 கிலோ இருக்க வேண்டும், காலி எடை அதன் கழுத்துப் பகுதியிலேயே பொறித்திருக்கும்.

தண்ணீர் பேச்சு வந்ததால் சோப்பையும் சொல்லிவிடுகிறேன். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதற்கு முன்னால் அதில் ஒரு பங்கு அந்தக் கால்சியத்தோடு சேர்ந்து கசடாகிவிடுகிறது. துணி சாயம் மங்குவதும் அதனால்தான். மழைக்காலத்தில் மொட்டைமாடிக் குழாயின் கீழே ஒரு டிரம் வையுங்கள். ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இருபது சதுர மீட்டர் தளத்தில் 15 மில்லிமீட்டர் மழை என்றால் 300 லிட்டர் வரும். முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள்; வேறு எதற்கும் வேண்டாம், துணிக்கு மட்டும். பாதி சோப்பில் நுரை பொங்குவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். டிரம்மை மூடிவைக்க மறக்காதீர்கள், கொசு வரும்.

தண்ணீர் மோட்டார் தினமும் ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது என்பதும் எனக்கு உறுத்துகிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். கழிவறை ஃபிளஷ் தொட்டியில் இரவு படுக்கப் போகும்போது துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை நான்கு சொட்டு விடுங்கள். யாரும் ஃபிளஷ் அழுத்தாமல் அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். கீழே பீங்கானில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே வாஷர் தேய்ந்துவிட்டது. இராப்பகலாகத் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது, நீங்கள் மோட்டார் போட்டு அதை நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். புது வாஷர் மிகச் சிறிய செலவுதான். வீட்டு உரிமையாளரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

மளிகைக்கு என் அம்மாவின் வழி ஒன்று. சேலத்தில் குகை என்ற பகுதியில் தறி நெய்த குடும்பம் எங்களுடையது, வாரக்கூலிதான், உங்களைப்போல. அம்மா சோப்பைப் பிரித்தால் அன்றைய தேதியைப் பென்சிலால் உறையில் எழுதுவார். எண்ணெய் டப்பாவில், சீயக்காய்ப் பொட்டலத்தில், எல்லாவற்றிலும் தேதி இருக்கும். தீர்ந்ததும் எத்தனை நாள் வந்தது என்று பார்ப்பார். யாரையும் திட்ட மாட்டார். “இந்தத் தடவை எண்ணெய் பதினெட்டு நாள்தான்” என்று மட்டும் சொல்வார், அடுத்த டப்பா தானாகவே இருபத்திரண்டு நாள் வரும். நானும் இன்றுவரை அப்படித்தான் எழுதுகிறேன்.

கணவர் வேலை செய்வது செவ்வாய்ப்பேட்டை. மளிகை மொத்த வியாபாரம் நடக்கும் லீ பஜார் எட்டும் தூரம். பக்கத்து வீட்டார் மூவரோடு சேர்ந்து பருப்பும் மிளகாயும் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வாங்கிவைக்காதீர்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் வண்டு விழுந்தால் மிச்சம் பிடித்தது போய்விடும். ஒரு வெயில் காட்டி, ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். காய்க்கு அம்மாபேட்டை உழவர் சந்தை இருக்கவே இருக்கிறது. காலையில் விலைப்பலகையைப் பார்த்து வாங்குங்கள், இரண்டு நாளைக்கு மட்டும். ரேஷனில் துவரம்பருப்பையும் பாமாயிலையும் ஒரு மாதமும் விடாதீர்கள். ரேஷன் அரிசி சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்றால் இட்லிக்கு ஊறவையுங்கள். கிரைண்டர்தான் திரும்ப வந்துவிட்டதே. துணி, நூல் வாங்க ஷேர் ஆட்டோவில் போவதாக எழுதியிருக்கிறீர்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே, கால் மணி நேரம் முன்னால் கிளம்புங்கள்.

வாரக்கூலிக் குடும்பத்துக்கு மாதக் கணக்கு ஒத்துவராது. சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் வாடகைக்கு 1,500, நகைக்கடனுக்கு 250 என்று அப்போதே தனித்தனி உறையில் போட்டுவிடுங்கள். மிஞ்சியதுதான் அந்த வாரத்துச் செலவு. வேலை குறைந்த வாரத்தில் சிறிது முடைப்படும். ஆனால் மாதக் கடைசியில் மொத்தமாகத் திண்டாட வேண்டியிருக்காது. இதைக் கணவரோடு சேர்ந்து உட்கார்ந்து செய்யுங்கள். நான்கு மாதமாக நீங்கள் ஒருவரே சுமந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பாலை நாளைக் காலையிலேயே மறுபடியும் ஒரு லிட்டர் ஆக்குங்கள். கடன் அடையும் வரைக்கும் பொறுக்க வேண்டியதில்லை. வெந்நீர்க் கம்பியும் சிலிண்டரும் அதற்குப் பெரும்பாலும் வழிசெய்துவிடும். மாலைக் காபியையும் குடியுங்கள். மாம்பழக் காலம் வரும்போது பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள். சேலத்தில் பிறந்த குழந்தை மல்கோவா தின்னாமல் வளரக் கூடாது.

கடைசியாக உங்கள் மகள். அவளுக்கு ஏழு வயது என்பதால் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் சேர்க்கலாம். பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும். ஆயிரக்கணக்கில் வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். 250 ரூபாய் போதும். வருடத்துக்குக் குறைந்தது 250 கட்டினால் கணக்கு உயிரோடு இருக்கும், முடிகிற மாதத்தில் கூடுதலாகப் போடலாம். பதினைந்து வருடம் கட்ட வேண்டும், தொடங்கிய நாளிலிருந்து 21 வருடத்தில் முதிரும். அவளுடைய பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான் அட்டை, இரண்டு புகைப்படம் எடுத்துக்கொண்டு அஞ்சலகத்துக்குப் போங்கள். பள்ளிக்கூடம் விடுமுறையாக உள்ள ஒரு வேலைநாளில் அவளையும் கூட்டிக்கொண்டு போய், பாஸ் புத்தகத்தில் அவள் பெயரை அவளையே படிக்கச் சொல்லுங்கள்.